ஆளுக்கொரு விலை

வில்லிவாக்கத்தில் அந்த இரண்டாம் மாடி வீட்டு வாசலில் தொங்கிய விலைப்பலகை, நகைக்கடைக்காரர் ஒருவர் வந்து நின்றதும் ஒன்பது கோடி என்று காட்டியது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பலகையைத் தட்டிப் பார்த்தார், டிரைவரை விட்டுத் துடைக்கச் சொன்னார், பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்து ஒரு நர்ஸ் வந்து நின்றார். பலகை எண்பது லட்சத்துக்கு இறங்கியது. அவருக்குப் பின்னால் நின்றிருந்த பூவராகனும் அகல்யாவும் ஒருவரையொருவர் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டார்கள். பூவராகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றான். பலகை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டே கால் கோடி என்றது.

“நாம என்னப்பா அவ்ளோ மோசமா?” என்றாள் அகல்யா.

இது அவர்கள் பார்க்கும் பதினேழாவது வீடு. ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் ஏழு வாடகை வீடு மாறியாகிவிட்டது. எட்டாவது வீட்டுக்காரரும் போன வாரம் காலி செய்யச் சொல்லிவிட்டார். அகல்யாவுக்கு இது ஐந்தாம் மாதம். பிள்ளையையும் மூட்டை முடிச்சோடு தூக்கிக்கொண்டு அலைய முடியாது, சொந்த வீட்டில்தான் தொட்டில் கட்டுவேன் என்று ஒரே பிடியாக இருந்தாள்.

ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு விலை என்பது சென்னையில் அப்போது யாருக்கும் ஆச்சரியமில்லை. பொருத்தமானி வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மதுரவல்லி என்ற கணிதப் பேராசிரியர். ஒரு வீட்டின் விலையில் செங்கல் எவ்வளவு, மண் எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று விடை வந்தது. நாம் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். முப்பது வருடம் குடியிருக்கப்போகும் தெருவுக்கு ஒன்றுகூடப் பார்ப்பதில்லையே என்று கேட்டார். சரியான கேள்வி. அவர் செய்த இயந்திரம் குடும்பத்துக்கும் தெருவுக்கும் பத்துப் பொருத்தம் பார்த்தது. தெருவில் எது குறைகிறதோ அது உங்களிடம் இருந்தால் உங்களுக்கு விலை இறங்கும். நீங்கள் வந்தால் நாற்பது குடும்பத்துக்குத் தலைவலி என்றால் விலை ஏறும்.

இன்னார் இன்ன சாதி, இன்ன மதம், இன்னார் வீட்டில் மீன் வறுக்கிறார்கள் என்பதையெல்லாம் அந்த இயந்திரத்தின் காதில் போடவே கூடாது என்று பேராசிரியர் சட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். அதைச் சேர்க்கச் சொல்லி அவரைப் பார்க்கப் போன பெரிய மனிதர்களுக்கு அவர் காபிகூடக் கொடுக்கவில்லையாம். அந்த அம்மாளைக் கும்பிட வேண்டும். பத்துப் பத்து வீடாக வாங்கிப் பூட்டிப் போட்டிருந்தவர்கள் முதலில் அடிபட்டார்கள். பூட்டிய வீட்டால் தெருவுக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. ஆகவே அவர்களுக்கு விலை ஆகாயத்துக்குப் போனது. கட்ட முடியாமல் அவர்கள் பூட்டியதையெல்லாம் விற்க, நாலே வருடத்தில் ஊருக்குள் வீடு காலியாயிற்று. அதுவரை செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருந்த நர்சும் தையல்காரரும் பஸ் டிரைவரும் ஊருக்குள் சொந்த வீட்டில் குடியேறினார்கள்.

அப்படிப்பட்ட இயந்திரம் இந்த இரண்டு பேரை மட்டும் ஏன் துரத்துகிறது என்றால், அவர்களுடைய குடும்பக் குறிப்பு அப்படி. குறிப்பு எடுப்பதற்குக் கூடவரி என்று எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கருவி உண்டு. ஏழு நாள் அது உங்கள் கூடவே வரும். பேச்சைக் கேட்கும், நடமாட்டத்தைப் பார்க்கும், எட்டாம் நாள் குறிப்பை எழுதிக் கொடுத்துவிடும். பூவராகன் லிப்ட் ரிப்பேர் செய்பவன். வந்தவாசிப் பக்கத்து ஆள். எதிரில் யார் வந்தாலும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்காமல் அவனால் தாண்ட முடியாது. கையில் பை இருந்தால் பையில் என்ன என்பான். பை இல்லையென்றால் ஏன் பை இல்லை என்பான். அகல்யாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீர் லாரி, குப்பை வண்டி, மாநகராட்சி, மின்வாரியம் என்று அவள் சண்டை போடாத இடம் இல்லை. அவள் பேசினால் மூன்றாவது தெருவில் கேட்கும். குறிப்பு இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. அவனுக்கு “பிறர் விஷயத்தில் தலையிடுதல்: மிக அதிகம்” என்று இருந்தது. அவளுக்கு “சச்சரவு: அளவுகோலில் இடமில்லை” என்று இருந்தது.

தரகர் அம்சவேணி அந்தக் குறிப்பை ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். இயந்திரம் வந்தால் தரகர் தொழில் ஒழிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒழியவில்லை. குறிப்பைத் தேற்றிக் கொடுக்கும் தொழிலாக மாறிவிட்டது.

“கண்ணு, கூடவரி உங்க வாயத்தான் அளந்துட்டுப் போயிருக்கு. மனசயா அளக்கும்?” என்றாள். “வருஷத்துக்கு ஒரு தபா புதுசா எடுக்கலாம். ஏழு நாள் நான் சொல்ற மாதிரி இருங்க. வீடு என் பொறுப்பு.”

கொரட்டூரில் நாகலிங்கம் தெரு என்று ஒரு தெரு இருந்தது. நாற்பத்தொரு வீடு. நடுவில் ஒரு பெரிய நாகலிங்க மரம். தெருவுக்கும் கூடவரி வைத்துக் குறிப்பு எடுப்பதுண்டு. அந்தத் தெருக் குறிப்பு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது: அமைதி, ஒழுங்கு, எந்தக் குறையும் இல்லை, அவரவர் வேலை அவரவருக்கு. இங்கே வாயைத் திறக்காதவர்களுக்கு விலை இறங்கும் என்று அம்சவேணி சொன்னாள். கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு, காற்று வரும், கிணறு உண்டு. அகல்யா அதைப் போய்ப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு மூலையைக் காட்டி, தொட்டில் இங்கேதான் என்றாள்.

அந்த ஏழு நாளைப் பூவராகன் இன்றைக்கும் மறக்கவில்லை. முதல் நாள் லிப்டில் ஒருவர் கையில் மீன்தொட்டியோடும் தோளில் ஏணியோடும் வந்தார். எதற்கு ஏணி, எதற்கு மீன்தொட்டி, இரண்டும் சேர்ந்து எங்கே போகிறது? பூவராகன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஏழு மாடி ஏறினான். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் வாளியிடம் கேட்டான். அகல்யாவுக்குத் தண்ணீர் கேன்காரர் ஒழுகுகிற கேனைக் கொண்டுவந்து வைத்தார். அவள் பரவாயில்லைங்க என்றாள். அவர் பயந்துபோய்விட்டார். மறுநாள் இரண்டு புதுக் கேனும் அரை டஜன் ஆரஞ்சும் கொண்டுவந்து, உடம்புக்கு என்னம்மா என்று விசாரித்தார்.

எட்டாம் நாள் அவர்கள் நாகலிங்கம் தெரு வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பொருத்தம் பத்துக்கு ஒன்பது. பலகை இறங்கி இறங்கி அவர்களால் கட்டமுடிந்த இடத்தில் வந்து நின்றது. அகல்யா அங்கேயே உட்கார்ந்து அழுதாள், சத்தமில்லாமல்.

ஒரு சிக்கல் இருந்தது. வாங்கிய ஐந்து வருடத்துக்குள் ஏதாவது ஒரு வாரம், சொல்லாமல் கொள்ளாமல், மறுபொருத்தம் பார்ப்பார்கள். வீட்டுச் சுவரில் பதித்திருக்கும் கூடவரி அந்த வாரம் மட்டும் விழித்துக்கொள்ளும். பொருத்தம் ஐந்துக்குக் கீழே போய்விட்டால் அறுபது நாளில் விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீடு போய்விடும். எந்த வாரம் என்று தெரியாததால் எல்லா வாரமும் நடிக்க வேண்டியிருந்தது.

பால் காய்ச்சிய அன்று தெருவில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எதிர்வீட்டில் தனியாக இருந்த தெருச் சங்கச் செயலாளர் தேவசகாயமும் வந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எல்லோரும் பாலைக் குடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். போய்விட்டார்கள். யாரும் எந்த ஊர், என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு நாகரிகமான தெரு என்று பூவராகன் சொன்னான். அவன் குரலில் உற்சாகம் இல்லை.

மகள் பிறந்தாள். சுடரொளி என்று பெயர் வைத்தார்கள். குழந்தை அழுதால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்கள். தெருவிளக்கு ஒன்றும் எரியவில்லை. தெருமுனையில் குழாய் போடத் தோண்டிய பள்ளம் வருடக்கணக்காக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அகல்யா அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவாள். இந்தக் குறை இல்லாத தெருவில் இப்படிப் பள்ளம் கிடக்கிறதே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கேட்டால் சச்சரவு. சச்சரவு என்றால் வீடு. அவள் தொட்டிலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

பூவராகன் இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் சறுக்கினான். மாடி வீட்டு நளினாட்சி அம்மா ஒரு நாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் தாம்பாளத்தோடு படியிறங்கி வந்தார். என்னதான் மனிதன் அடக்குவான்? “எங்கம்மா கிளம்பிட்டீங்க?” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. கேட்ட மறுகணம் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை காலை. பூவராகன் வேலைக்குக் கிளம்பும்போது தேவசகாயம் வீட்டு கேட்டில் தொங்கிய பையைப் பார்த்தான். அன்றைய பால் பாக்கெட்டுக்குக் கீழே நேற்றைய பால் பாக்கெட்டும் இருந்தது. அவன் பைக்கிலிருந்து இறங்கினான். மறுபடியும் ஏறினான். மறுபடியும் இறங்கி வீட்டுக்குள் வந்து அகல்யாவிடம் சொன்னான். இரண்டு பேரும் சுவரில் பதிந்திருந்த கூடவரியைப் பார்த்தார்கள். அது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று வெளியே தெரியாது. இந்த வாரமாக இருந்துவிட்டால்? இருபது வருடக் கடன், தொட்டில், ஜன்னல், எல்லாம் போய்விடும். எதிர்வீட்டுக்காரர் ஊருக்குக்கூடப் போயிருக்கலாம்.

அகல்யா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “வீடு போனா போவுது. நீ போய்க் கேளுப்பா,” என்றாள்.

அவளை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. எட்டு வாடகை வீட்டில் பட்டவள் அப்படிச் சொல்வது சின்ன விஷயமா?

பூவராகன் கேட்டைத் திறந்துகொண்டு போய்க் கதவைத் தட்டி, சார் சார் என்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து மெல்ல ஒரு முனகல் கேட்டது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவன் பிழைப்பு. ஐந்து நிமிடத்தில் பூட்டைக் கழற்றிவிட்டான். தேவசகாயம் குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். முந்தின நாள் காலையில் வழுக்கி விழுந்தவர். ஒரு பகல் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார். குரல் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கிறது. கேட்டவர்கள் அடுத்தவர் விஷயம் என்று இருந்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் தெருமுனைப் பள்ளத்தில் நின்றுவிட்டது. அப்போதுதான் அகல்யா வாயைத் திறந்தாள். இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்த வாய். முதலில் பள்ளம் தோண்டியவர்களைத் திட்டினாள், அடுத்து மூடாதவர்களைத் திட்டினாள், பிறகு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நாகலிங்கம் தெருவைத் திட்டினாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. லுங்கியோடும் நைட்டியோடும் ஜனங்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் பலகை கொண்டுவந்தார், நாலு பேர் கற்களைப் போட்டார்கள், இரண்டு பேர் வழியை மறித்து நின்ற காரைத் தள்ளினார்கள். பதினைந்து நிமிடத்தில் வண்டி உள்ளே வந்தது. தேவசகாயத்தை ஏற்றி அனுப்பிய பிறகும் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை. மரத்தடியில் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவர்கள் பாதிப் பேர்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. தேவசகாயம் விழுந்த அந்த வாரமேதான். கூடவரி விழித்துக்கொண்டிருந்திருக்கிறது. பொருத்தம் பத்துக்கு மூன்று. அமைதியான, குறையில்லாத, அவரவர் வேலையைப் பார்க்கும் தெருவுக்கு இந்தக் குடும்பம் ஒத்துவராது என்று கண்டிருந்தது. அறுபது நாள் கெடு.

அகல்யா கடிதத்தை மடித்துத் தொட்டிலுக்கடியில் வைத்தாள். அன்று மாலை தொட்டிலைக் கழற்றலாமா வேண்டாமா என்று பூவராகன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். இரண்டு பேருக்குமே வருத்தம் இருந்தது. போய்க் கேட்டதற்காக வருத்தம் இல்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. இப்போதுதான் எல்லோரும் எல்லோரையும் விசாரிக்கிறார்களே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் சக்கர நாற்காலியில் மரத்தடிக்கு வந்து கூட்டம் போடச் சொன்னார். நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன்னால் தெருவுக்குக் கூடவரி வைத்த வாரம் நடந்ததெல்லாம் தன் ஏற்பாடு. வாடகைக்குப் பல்பு வாங்கித் தெருவிளக்கில் போட்டது, நாய்களைப் பிடித்து அடுத்த தெருவில் விட்டது, வீடு வீடாகப் போய் ஏழு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னது எல்லாம் தான்தான் என்றார். நல்ல குறிப்பு வந்தால் எல்லோருடைய வீட்டுக்கும் மதிப்பு ஏறும் என்ற ஆசை. குறிப்பு பிரமாதமாக வந்தது. அதற்குப் பிறகு உண்மை தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் விளக்கைப் பற்றிப் புகார்கூடக் கொடுக்கவில்லை.

அகல்யா எழுந்து, நாங்கள் மட்டும் என்ன யோக்கியம் என்று தங்கள் ஏழு நாள் கதையைச் சொன்னாள். தண்ணீர் கேன்காரரின் ஆரஞ்சு வரைக்கும் சொன்னாள். கூட்டம் சிரித்தது.

“நீங்க நடிச்சீங்க, நாங்களும் நடிச்சோம். ரெண்டு நடிப்பும் ஒன்பது பொருத்தம்,” என்றார் தேவசகாயம். “இப்ப நெசமான உங்கள, இல்லாத ஒரு தெருவோட வச்சுப் பாத்து மூணுன்னு சொல்லுது. தப்பு மிஷின் மேல இல்லம்மா.”

வழி ஒன்று இருந்தது. தெருக் குறிப்பைப் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். ஆனால் தெருவில் அத்தனை வீடும் கையெழுத்துப் போட்டால் முன்பே எடுக்கலாம். ஒரு கையெழுத்து குறைந்தாலும் நடக்காது. உண்மைக் குறிப்பு வந்தால் தெருவின் பெயர் விழும், ஒவ்வொரு வீட்டின் மதிப்பும் விழும். வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் போட்டவர்களிடம் இதைக் கேட்பது லேசில்லை. தேவசகாயம் முதல் கையெழுத்தைப் போட்டார். அன்றைக்குக் கல் தூக்கியவர்கள் போட்டார்கள். சிலர் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய், கேட்டுவிட்டு வந்து போட்டார்கள். ஒரு வாரத்தில் நாற்பது கையெழுத்து ஆகிவிட்டது.

பாக்கி நளினாட்சி அம்மா. அவர் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மதிப்பு விழுந்தால் எல்லோரையும்விட அவருக்குத்தான் அடி. அவரிடம் கேட்கவே அகல்யாவுக்கு மனம் வரவில்லை. கெடு முடிய இருபது நாள் இருக்கும்போது அவரே படியிறங்கி வந்து கதவைத் தட்டினார். கையில் பேனா இருந்தது.

“அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, எங்க கிளம்பிட்டீங்கன்னு,” என்றார் பூவராகனிடம். “எங்க வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம். இந்தத் தெருவுல என்னை ஒருத்தர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். நீங்க ஓடிட்டீங்க.”

பூவராகன் அசடு வழிந்தான். பிறகு, “இப்ப சொல்லுங்கம்மா, எங்க கிளம்பினீங்க?” என்று கேட்டான். தங்கை பேத்திக்குக் காது குத்து, திருநின்றவூரில், என்று தொடங்கி அவர் முக்கால் மணி நேரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தெருவில் கூடவரியை மறுபடியும் வைத்தார்கள். இந்தத் தடவை யாரும் பல்பு மாட்டவில்லை, நாயைப் பிடிக்கவில்லை. எட்டாம் நாள் உண்மைக் குறிப்பு வந்தது. விளக்கு எரிவதில்லை, பள்ளம் மூடுவதில்லை, ஒருவரையொருவர் தெரியாது, பயம் அதிகம் என்று இருந்தது. தேவை என்ற இடத்தில் இரண்டே வரி. உரக்கச் சண்டை போட ஒருவர். எல்லோரையும் விசாரிக்க ஒருவர்.

பொருத்தம் பத்துக்குப் பத்து. வீடு நின்றது. அகல்யா இந்தத் தடவை சத்தம் போட்டே அழுதாள், தெரு முழுக்கக் கேட்டது. கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. இரண்டு பக்கமும் ஆரம்பத்திலேயே உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தால், அவர்கள் கொடுத்த விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கே அந்த வீடு கிடைத்திருக்கும். அதிகமாகக் கொடுத்ததைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை என்றது வீட்டுவசதி அலுவலகம். அகல்யா அந்த அலுவலகத்தோடு போட்ட சண்டை இன்னும் நடக்கிறது.

மூன்று வருடம் போயிற்று. விளக்கு எரிகிறது. பள்ளம் இருந்த இடத்தில் வேகத்தடை இருக்கிறது, அதுவும் அகல்யா கேட்ட உயரத்தில். நளினாட்சி அம்மா பேச்சுத்துணை கிடைத்த ருசியில் கோயம்புத்தூரை மூன்று வருடம் தள்ளிப்போட்டார். மகள் கோபித்துக்கொண்ட பிறகுதான் வீட்டு வாசலில் விலைப்பலகை மாட்டினார். அதற்கு முன்னால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தெருக் குறிப்பைப் புதிதாக எடுத்தார்கள். தெருவில் இப்போது யாராவது பஸ் பிடிக்க வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். நாற்பத்தொரு வீட்டுக்கும் பதில் சொல்லாமல் முனையைத் தாண்ட முடியாது. மரத்தடிக் கூட்டத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கிவிடுகிறார். தேவசகாயம் தன் இடுப்பெலும்புக் கதையை மூன்று வருடமாகத் தொடங்கிக்கொண்டே இருக்கிறார். ஒருமுறைகூட முடித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு இளம் ஜோடி வந்து நின்றது. பெண்ணின் தோள்பையில் கூடவரி தொங்கியது. ஏழாம் நாள் போலிருக்கிறது. கடைசி நாள்களில் பலகை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பையன் காலியாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டோவைப் பார்த்து, என்னய்யா வண்டி ஓட்டுற என்று கத்தினான். குரல் நடுவில் உடைந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்ததும் மன்னிச்சிருங்க என்று சொல்லிவிட்டான். பலகை ஒரு லட்சம் ஏறியது. பழைய தெருக் குறிப்பையே நம்பித் தெருமுனையில் மறைந்து நின்ற அம்சவேணி, இன்னும் சத்தமாக என்று கையால் ஜாடை காட்டினாள். பையன் அடுத்து குப்பைத்தொட்டியைப் பார்த்துக் கத்தினான். இன்னும் இரண்டு லட்சம் ஏறியது. அவன் நெற்றியில் வேர்த்துவிட்டது.

வாசலில் சுடரொளிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அகல்யா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. சீப்பை மகளின் தலையிலேயே செருகிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குள் பூவராகன் போய்விட்டான். அந்தப் பெண்ணிடம் எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்டான். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தன் ஊரைச் சொன்னான், லிப்டைச் சொன்னான், மீன்தொட்டியும் ஏணியும் கொண்டுவந்தவரைச் சொன்னான். அவள் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நளினாட்சி அம்மா இறங்கி வந்து மகள் கோபித்த கதையைத் தொடங்கினார். அவள் அதையும் கேட்டாள். தேவசகாயம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்னைக்கு செவ்வாய்க்கிழமைம்மா, காலைல ஆறேகால் இருக்கும், என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் அவருக்கு மதில்மேல் இடம் காட்டி உட்காரவைத்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், அப்புறம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவர் வழுக்கி விழுந்தார், கூப்பிட்டார், பகல் போயிற்று, இருட்டிற்று, பூவராகன் குரல் கேட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதை ஆஸ்பத்திரி வரைக்கும் போய் முடிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு இரண்டு பேர் தங்கள் கதையோடு வரிசையில் நின்றார்கள்.

பலகையை யாரும் கவனிக்கவில்லை, அகல்யாவைத் தவிர. அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றரைக் கோடியைத் தாண்டி, ஒன்றே காலைத் தாண்டி, இன்னும் இறங்கியது.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. முனையில் அம்சவேணி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் அவன் மூச்சை இழுத்து, அடுத்த கத்தலுக்கு வாயைத் திறந்தான். அகல்யா அவன் தோளில் கையை வைத்தாள். வாழ்க்கையிலேயே மெதுவாக அவள் பேசியது அன்றைக்குத்தான்.

“தம்பி, சும்மா இரு. உன் பொண்டாட்டி வீடு வாங்கிட்டிருக்கா.”